பெல்ட் அக்காவின் முழங்கால்

இருக்கை ஆடியது. கொஞ்சநஞ்சமல்ல, ஊஞ்சல் மாதிரி ஆடியது. பெல்ட் அக்கா காரின் பின்கதவு வழியாகக் கையை நீட்டி, குழந்தை இருக்கையின் அடிப்பகுதியைப் பிடித்து அசைத்தார். இடது பக்கம் தள்ளினால் இடது பக்கம் போயிற்று. வலது பக்கம் தள்ளினால் வலது பக்கம். முன்னால் இழுத்தபோது, கூப்பிட்ட ஆளைப் போல முன்னாலேயே வந்துவிட்டது. அதன் விளிம்பில் அவரே தன் கையால் ஒட்டிய பச்சை ஸ்டிக்கர் இருந்தது. சொல்லிக்கொடுத்தாயிற்று, பார்த்தாயிற்று, சரியாக இருக்கிறது என்று அதற்குப் பொருள்.

"இது நான் பாத்த சீட்டுதானா?"

"நீங்க பாத்ததுதான். வேணும்னா உங்க ஸ்டிக்கரையே கேளுங்க" என்றார் காருக்குச் சொந்தக்காரர். அந்த அம்மாள் ஒரு பல் டாக்டர். கோபத்தில் அவருடைய பற்களே ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தன.

அன்று காலை அவர் தன் மூன்று வயது மகளைப் பள்ளியில் விடக் காரில் போயிருக்கிறார். குறுக்கே ஒரு சைக்கிள் வந்தது. பிரேக்கை அழுத்தினார். குழந்தையோடு சேர்ந்து இருக்கையும் முன்னால் கவிழ்ந்தது. குழந்தையின் நெற்றி முன்சீட்டின் முதுகில் மோதியது. எலுமிச்சம்பழ அளவுக்கு வீக்கம். அழுத குழந்தையைத் தூக்கிக்கொண்டு நேராக இந்தக் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தார். வேறொன்றும் இல்லை என்று உள்ளே சொல்லிவிட்டார்கள். இப்போது அந்தக் குழந்தை பெல்ட் அக்காவின் பயிற்சிப் பொம்மையை ஒரு காலில் பிடித்து இழுத்துக்கொண்டு சிமெண்டுத் தரையில் நடைபயின்றுகொண்டிருந்தது.

"கடவுள் புண்ணியம், பெருசா ஒண்ணும் ஆகல" என்றார் ஆஸ்பத்திரி மேனேஜர்.

"அவருக்கு அவ்வளவு அக்கறை இருந்திருந்தா அந்த சைக்கிள ரெண்டு நிமிஷம் முன்னாடியே அனுப்பியிருக்கலாம் சார்" என்றார் அக்கா, இருக்கையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

டாக்டர் கையை நீட்டிக் காருக்கு அந்தப் பக்கம் நின்ற பெண்ணைக் காட்டினார். குழந்தையின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்ற ஆயா அவர். முப்பது வயதிருக்கும். எலும்பின் மேல் துணி உடுத்தியதுபோல ஒல்லி.

"போன வாரம் வண்டியக் கழுவ விட்டப்போ சீட்ட வெளிய எடுத்தோம். திரும்ப மாட்டினது இவ. உங்ககிட்ட வந்து கத்துக்கிட்டவ. ஒண்ணு, நீங்க ஒழுங்கா சொல்லிக்குடுக்கல. இல்ல, இவ ஒழுங்கா செய்யல. ரெண்டுல எதுன்னு நீங்களே சொல்லுங்க."

"அக்கா சொன்ன மாதிரியேதாம்மா செஞ்சேன்" என்றார் ஆயா.

"அப்புறம் ஏன் ஆடுது?"

"தெரியலம்மா."

"நாளைக்கு சாயங்காலம் வரைக்கும் பொறுத்துப் பாக்கறேன். தப்பு இவ மேலன்னா நான் வேற ஆள் பாத்துக்கறேன். புள்ள விஷயத்துல எனக்கு தாட்சண்யம் கிடையாது."

ஆயா பையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டார். அந்த வீட்டு வேலையை நம்பித்தான் அவர் குடும்பம் நடக்கிறது என்பதை அந்த இடத்தில் யாரும் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததால்தான் யாரும் சொல்லவில்லை.

பெல்ட் அக்காவுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆஸ்பத்திரியில் அதைச் சொல்லிக் கேட்டால் காவலாளி கையை விரித்துவிடுவார். பெல்ட் அக்கா என்றால் பின்பக்கம் வண்டி நிறுத்துமிடத்துக்கு வழிகாட்டுவார். அங்கே தகரக் கூரைக்குக் கீழே, உடைத்துப்போட்ட காரிலிருந்து கழற்றிக் கொண்டுவந்த ஒரு பின்சீட்டு, நான்கைந்து விதமான குழந்தை இருக்கைகள், மணல் அடைத்த பொம்மை ஒன்று. அதுதான் அவருடைய பள்ளிக்கூடம். முன்பு ஓட்டுநர் பயிற்சி நிலையத்தில் வேலை செய்தவர். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்து மனைவி கார் ஓட்டுவதை மேற்பார்வையிட வரும் கணவர்களோடு தினமும் சண்டை போட்டுச் சலித்துப்போய், இந்த வேலைக்கென்றே ஒரு படிப்புப் படித்து இங்கே வந்தார்.

"மடியில கெட்டியா புடிச்சுக்கிட்டா பத்தாதா?" என்று வகுப்புக்கு ஒருவராவது கேட்பார்கள். அக்கா பதில் சொல்லமாட்டார். பொம்மையை அவர் மடியில் வைத்து, "கெட்டியா புடிங்க" என்பார். பிடித்தவர் சிரித்துக்கொண்டிருக்கும்போதே ஒரே வெட்டில் பிடுங்கிவிடுவார். "நான் ஒரு பொம்பள இழுத்ததுக்கே விட்டுட்டீங்க. கார் மோதுற நேரத்துல பத்து கிலோ புள்ள மூணு நாலு சிமெண்டு மூட்டை கனம் கனக்கும். நீங்க என்ன பயில்வானா?" என்பார். விதி என்று யாராவது ஆரம்பித்தால் அவருக்கு மூக்கு விடைக்கும். "விதிக்கு பிரேக் புடிக்கத் தெரியாது, பெல்ட்டுக்குத் தெரியும்" என்பார்.

அவருடைய வகுப்புக்குப் பெற்றவர்கள் வருவது குறைவு. அவர்களுக்கு வேலை. ஆயா வருவார், டிரைவர் வருவார், ஊரிலிருந்து வந்த அத்தை வருவார். கார் ஒருவருடையது, குழந்தையும் அவருடையதே. கற்றுக்கொள்ளும் கடமையும் தவறினால் ஏற்கும் பழியும் மட்டும் இரண்டுக்கும் சொந்தமில்லாதவருடையவை. இதை அநியாயம் என்று யாரும் சொல்வதில்லை, வசதி என்கிறார்கள். பல் டாக்டர் வீட்டிலிருந்தும் ஆயாதான் வந்தார். அன்றைக்கு வந்தவர்களில் அதிகம் கேள்வி கேட்டவர் அவர். "இருக்கைய ரெண்டு விரல் அகலத்துக்கு மேல அசைய விடக்கூடாதுங்கறீங்களே, யாரோட விரல்?" என்று கேட்டுச் சிரிக்க வைத்தவர். வகுப்பு முடிந்ததும் தன் மகளைக் கூட்டிக்கொண்டு, கணவர் ஓட்டிவந்த ஸ்கூட்டரில் மூன்றாவது ஆளாக நெருக்கிக்கொண்டு போனார். அந்த மகளுக்கும் மூன்று வயதுதான். அவளுக்கு இருக்கையும் இல்லை, பெல்ட்டும் இல்லை. அதைப் பார்த்துக்கொண்டு நின்ற அக்காவுக்கு அன்று முழுக்க எதைச் சாப்பிட்டாலும் மணல் மென்றதுபோல இருந்தது.

அப்படிப்பட்டவர் அசட்டையாக மாட்டியிருப்பாரா? அக்காவுக்குக் குழப்பமாக இருந்தது. தான் சரியாகச் சொல்லிக்கொடுத்ததும் நிச்சயம். அந்தப் பெண் சரியாகக் கேட்டதும் நிச்சயம். இருக்கை ஆடியதும் நிச்சயம். மூன்றும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும்?

வீட்டில் அவர் கணவர், நகரப் பேருந்து ஓட்டுநர், சாப்பிட்டுக்கொண்டே விசாரணை நடத்தினார்.

"பெல்ட்டு இத்துப்போயிருக்கும்."

"புது வண்டிங்க அது."

"கவ்வி கழண்டிருக்கும்." பெல்ட்டை இழுத்து இறுக்கியபின் அது நழுவாமல் கடித்துப் பிடிக்கும் பிளாஸ்டிக் துண்டுக்குத்தான் கவ்வி என்று பெயர். மனைவியோடு வாழ்ந்து அவரும் பாதி படித்திருந்தார்.

"மூடியே இருந்துச்சு. நானே பாத்தேன்."

"அப்ப அந்தப் பொண்ணு பொய் சொல்லுது."

"எதுக்கு பொய் சொல்லணும்? வேலை போறதுக்கா?"

"சரி, நீதான் பொய் சொல்ற."

"ஆமா, உங்களக் கல்யாணம் பண்ணிக்கிட்டது சந்தோஷம்னு சொன்னேன் பாருங்க, அதோட நிறுத்திட்டேன்."

அவர் சிரித்துவிட்டு இன்னொரு கேள்வி போட்டார். "இவ்வளவு ஆபத்துங்கறியே, என் பஸ்ல அறுபது பேரு நிக்கறாங்க. அதுல எத்தன புள்ளைங்க. அங்க ஏன் ஒரு பெல்ட்டும் இல்ல?"

காரில் போகும் குழந்தையின் தலைக்கு ஒரு விலை, பேருந்தில் போகும் குழந்தையின் தலைக்கு வேறு விலை என்று தீர்மானித்தவர்கள் யார் என்று அக்காவும்தான் தேடிக்கொண்டிருந்தார்.

சாப்பிட்ட கை காய்வதற்குள் சமையலறை நாற்காலியை இழுத்துப்போட்டார். அதன்மேல் தலையணையை வைத்து, கணவரின் இடுப்புப் பெல்ட்டைச் சுற்றினார். முழங்காலைத் தலையணைமேல் ஊன்றி, முழு உடம்பையும் சாய்த்து இழுத்தார். படீர் என்று நாற்காலியின் ஒரு கால் மடங்கியது.

"எறங்கும்மா தாயே! அது ஒனக்குச் செஞ்ச நாற்காலி இல்ல."

"நான் சரியாத்தான செய்யறேன்?" என்றார் அக்கா, ஒரு காலை இழந்த நாற்காலிமேல் இன்னும் முழங்காலை எடுக்காமல்.

"சரியாத்தான் செய்யற. அதான் ஒடஞ்சுது."

மறுநாள் மாலை கார் வந்தது. டாக்டர் இறங்கிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். குழந்தை நேற்றைய பொம்மையைத் தேடி ஓடியது. மேனேஜர் அக்காவைத் தூணுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டுபோய், "கவனக்குறைவுன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க, முடிஞ்சுது. ஆஸ்பத்திரி பேரு இருக்குல்ல" என்று காதில் ஓதினார்.

"எனக்கே இன்னும் புரியல சார். புரியாதத எப்படி சொல்றது?"

"புரிஞ்சா சொல்லமாட்டீங்க. அதான் இப்பவே சொல்லச் சொல்றேன்."

அக்கா ஆயாவிடம் போனார். "சீட்டக் கழட்டு. வீட்டுல எப்படி மாட்டினியோ அப்படியே மாட்டு. நான் வாயத் தொறக்கமாட்டேன்."

ஆயா கழற்றி மறுபடி மாட்டினார். இருக்கையைக் காரின் முதுகோடு ஒட்டி வைத்தார். பெல்ட்டை அதற்குரிய வழியில் நுழைத்து மறுபக்கம் எடுத்தார். முறுக்கு விழுந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார். க்ளிக். காதைக் கிட்டே கொண்டுபோய்க் கேட்டார். முழங்காலை இருக்கைக்குள் ஊன்றினார், பெல்ட்டை மேல்பக்கமாக இழுத்தார், கவ்வியை மூடினார். ஒரு படியும் தவறவில்லை. அக்காவின் கைகள்தான் தவறிக்கொண்டிருந்தன. ஆயா இழுக்கும்போதெல்லாம் அவை தாமாகவே முன்னால் போயின. அவற்றைத் திரும்ப இழுத்து அக்குளுக்குள் செருகிக்கொள்ள வேண்டியிருந்தது.

டாக்டர் இருக்கையை அசைத்தார். ஆடியது.

"பாத்தீங்களா?"

பார்த்தார்கள். பார்த்ததில் யாருக்கும் எதுவும் விளங்கவில்லை. ஆயாவோ இருக்கையைப் பார்க்கவே இல்லை. அக்காவையே பார்த்தபடி, எதற்கோ காத்துக்கொண்டு நின்றார்.

"என்னம்மா என்னயே பாக்கற?"

"இல்லக்கா... நீங்க இன்னும் வரலையே."

"எங்க வரல?"

"அன்னிக்கு நான் இழுத்து முடிச்சதும் நீங்க வந்து, 'நகரும்மா'ன்னு சொல்லிட்டு முழங்கால வெச்சு ஒரு இழு இழுத்தீங்க. அப்புறம்தான் கவ்விய மூடச் சொன்னீங்க. எல்லாருக்கும் அப்படித்தான் செஞ்சீங்க. வீட்டுல அந்த இழு இழுக்க யாரு இருக்கா? அதான் அம்மாகிட்ட அப்பவே கேட்டேன். யாராவது பெரிய ஆளா கொஞ்சம் இழுத்து விடணும்மான்னு."

"எங்கிட்ட எப்ப கேட்ட?" என்றார் டாக்டர்.

"சாவி தேடிக்கிட்டு இருந்தீங்க. பச்சை ஸ்டிக்கர் இருக்குல்ல, போதும்னீங்க."

டாக்டர் கையிலிருந்த சாவியைப் பார்த்தார். "சொன்னேனா? சொல்லியிருக்கலாம். எனக்கு ஞாபகமே இல்ல." கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் பிடித்துக்கொண்டு நிற்பவர்போல நின்றார்.

அக்கா மெதுவாகத் தன் முழங்காலைக் குனிந்து பார்த்தார். அவர் பருத்த உடம்புக்காரர். அந்த முழங்கால் இறங்கினால் எந்த இருக்கையும் பஞ்சுக்குள் புதைந்து நிற்கும். பெல்ட் தானே சுருங்கும். வகுப்பில் தடுமாறுகிறவர்களைக் கண்டால் அவருக்கு மனசு பொறுக்காது. விடு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று உடம்பு முந்திக்கொள்ளும். கடைசி இழு எப்போதும் அவருடையது. அதன்பின் அசைத்துப் பார்ப்பார். அசையாது. பச்சை ஸ்டிக்கர் ஒட்டுவார். அத்தனை நாளும் அவர் பரீட்சை வைத்தது யாருக்கு? தன் எடைக்கு.

"டாக்டர், இந்தப் பொண்ணு மேல தப்பு இல்ல. நான் இவளுக்குச் சொல்லிக்குடுக்கல. நானே இறுக்கி அனுப்பிட்டேன். இவளுக்கு மட்டும் இல்ல."

மேனேஜரின் முகம் வெளுத்தது. "அப்ப இத்தன வருஷமா ஒட்டின ஸ்டிக்கரெல்லாம்?"

"எத்தன ஆடுது, எத்தன ஆடலன்னு தெரியல சார். எல்லாரையும் திரும்பக் கூப்பிடணும்."

"ஆஸ்பத்திரி பேரு என்ன ஆகறது?"

"பேருக்கு நெத்தி கிடையாது சார். வீங்காது."

"அதெல்லாம் இருக்கட்டும்" என்று டாக்டர் குறுக்கிட்டார். "இப்ப நான் இந்த வண்டிய எடுத்துட்டுப் போகணும். சீட்ட எப்படி இறுக்கறது? இவளும் ஒல்லி, நானும் ஒல்லி. தினமும் உங்களத் தூக்கிட்டா போக முடியும்?"

அக்காவுக்குத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. எடை இல்லாமல் இறுக்குவது எப்படி என்று அவர் ஒருநாளும் யோசித்ததில்லை. யோசிக்கத் தேவை வந்ததில்லை. மூன்று பெண்களும் காரின் பின்பக்கம் தலையை நுழைத்தார்கள். ஆயா ஒரு கதவு வழியாக, டாக்டர் இன்னொரு கதவு வழியாக. முன்சீட்டுகளின் நடுவே நுழைய முயன்ற அக்கா பாதியில் சிக்கி நின்றுவிட்டார்.

"அக்கா, காத்து வரல" என்றார் ஆயா.

ஆயா மறுபடி இழுத்தார். டாக்டர் இழுத்துப் பார்த்தார். ஆடியது. டாக்டர் தோள்பக்கத்துப் பெல்ட்டை விட்டுவிட்டு, அது இருக்கைக்குள் புகுந்து வெளியே வரும் பாதையை விரலால் தொட்டுக்கொண்டே போனார். திடீரென்று அவர் முகம், நோயாளியின் வாய்க்குள் பார்க்கும் முகம் ஆயிற்று.

"நீங்க மேல பாத்து இழுக்கறீங்க. பெல்ட்டு போற வழி பக்கவாட்டுல இருக்கு. பல்லு புடுங்கும்போது நாங்க பலத்தப் போட்டு இழுக்கறதில்ல. இழுத்தா ஒடஞ்சு உள்ளயே நின்னுடும். எந்தப் பக்கம் போகுதோ அந்தப் பக்கமாத்தான் அசைச்சு எடுப்போம்." அவர் முன்னங்கையை இருக்கைக்குள், பெல்ட் போகும் இடத்திலேயே வைத்து அழுத்தினார். "இப்ப நீ அந்தப் பக்கத்துலேர்ந்து, பெல்ட்டு எந்தத் திசையில வெளிய வருதோ அதே திசையில இழு. கொஞ்சம் கொஞ்சமா."

ஆயா இழுத்தார். கொஞ்சம் வந்தது. இன்னும் இழுத்தார். இன்னும் வந்தது. தொய்வு அத்தனையும் எங்கே ஒளிந்திருந்ததோ, பாம்பு மாதிரி வெளியே வந்துகொண்டே இருந்தது. கவ்வியை மூடினார்கள். ஆயா அசைத்தார். கார்தான் ஆடியது.

"இப்ப நீ மட்டும் செய்" என்றார் அக்கா, கைகளைப் பின்னால் கோத்துக்கொண்டு.

ஆயா எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத் தனியாகச் செய்தார். தன் முன்னங்கையால் அழுத்தி, தன் மறுகையால் இழுத்து. முதல்முறை ஆடியது. இரண்டாம்முறை ஆடவில்லை. திரும்பிப் பார்த்து அக்காவிடம், "நிஜமாவே ஆடலையா, இல்ல என் கண்ணுதானா?" என்று கேட்டார். அக்கா அசைத்துப் பார்க்கக் கையைத் தூக்கி, வேண்டாம் என்று தாழ்த்திக்கொண்டார். "நீயே அசைச்சுப் பாரு. நான் தொட்டா எனக்கே நம்பிக்கை இல்ல."

குழந்தையைப் பொம்மையிடமிருந்து பிரித்து எடுத்துவந்து இருக்கையில் வைத்து வாரை மாட்டினார்கள். டாக்டர் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, வெளியே நின்ற ஆயாவைப் பார்த்தார்.

"ஏறு. நாளைக்கு எப்பவும்போல வந்துடு. வேற ஆள் எல்லாம் பாக்கல."

ஆயா ஏறவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அம்மா, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளு."

"நாளைக்கு மறுபடியும் ஏதாச்சும் ஆச்சுன்னா, அப்பவும் நான்தானா?"

சாவியில் இருந்த டாக்டரின் கை நின்றது. "அது எப்படி இப்பவே சொல்றது? தப்பு யாருதுன்னு பாக்கணும்ல?"

"அதத்தாம்மா கேக்கறேன். இன்னிக்கும் பாத்தோம். யாருதுன்னு தெரிஞ்சுதா?"

டாக்டர் அக்காவைப் பார்த்தார். அக்கா மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் செல்போனைப் பார்த்தார். பின்னால் குழந்தை, "போலாமா? போலாமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தது.

டாக்டர் இறங்கினார். மறுபக்கக் கதவைத் திறந்து, குழந்தை உட்கார்ந்திருந்தபடியே இருக்கையின் அடியைப் பிடித்து அசைத்தார். அது நகரவில்லை. மீண்டும் அசைத்தார்.

"இறுக்கமாத்தான் இருக்கு" என்றார், யாரோ இல்லை என்று சொன்னதுபோல. பிறகு காரின் கூரைக்கு மேலாக ஆயாவிடம், "தினமும் காலைல நீ ஒரு தடவ அசைச்சுப் பாரு, நான் ஒரு தடவ பாக்கறேன். அப்புறம்தான் வண்டி கிளம்பும். சரியா?"

"அதுக்கப்புறமும் ஆடினா?"

"ஆடினா ரெண்டு பேரும்தான்."

ஆயா குழந்தைக்குப் பக்கத்தில் ஏறித் தன் பெல்ட்டையும் போட்டுக்கொண்டார். டாக்டர் உடனே வண்டியில் ஏறவில்லை. தான் சொன்னது என்ன என்று தனக்கே பிடிபடாதவர்போல, திறந்த கதவு வழியாகக் கையை நீட்டி இருக்கையை இன்னொரு முறை அசைத்துப் பார்த்தார்.